கொல்லைச் சுவர் தாண்டிய சிவப்பு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் ஓரகத்தி பூங்கோதை, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. தொண்ணூற்றி ஒன்றாம் வருசம் பங்குனியில், எனக்கு வளைகாப்பு முடிந்த மறுநாள் மத்தியானம், கை நிறைய வளையலோடு புரண்டு படுக்க முடியாமல் நான் கிடந்தபோது, தகரப்பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்து என் வயிற்றின் மேல் விரித்துவிட்டுச் சொன்னாள். உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் கேட்கட்டும் என்றாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் சொன்னதற்கு மேல் நான் கூட்டியது ஒன்றுமில்லை. எங்காவது கூடியிருந்தால், தினமும் விளக்கேற்றும்போது இதை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வந்த பழக்கத்தில் கூடியிருக்கும், அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

பூங்கோதை அக்கா பிறந்த ஊர் கரடிப்பாறை. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நிற்கும், அங்கே இறங்க வேண்டும். காப்பியும் ஆரஞ்சும் மிளகும் விளைகிற ஊர், நாற்பது வீடு, ஒரு மாரியம்மன் கோயில். எழுபதாம் வருசம் இலங்கையின் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சனங்களோடு மாடசாமி என்பவன் தன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தான். அவன் தாத்தா அந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர், அதனால் ஊர் அவனுக்கு ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்கு இடம் விட்டது. வந்த வருசமே மாடசாமி காய்ச்சலில் போய்விட்டான். வெள்ளைச் சேலையோடு அவள் மட்டும் மிஞ்சினாள், அவளோடு, கப்பலில் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி விதையும் மிஞ்சியது.

அந்த விதையை அவள் வீட்டுக் கொல்லையில் ஊன்றினாள். அரச இலை மாதிரி இலை வந்தது, ரோஸ் நிறத்தில் பூ வந்தது, பூ உதிர்ந்ததும் முள்முள்ளாக மயிர் அடர்ந்த சிவப்புக் காய் கொத்துக்கொத்தாக வந்தது, காயைப் பிளந்தால் உள்ளே மிளகைவிடச் சின்ன விதைகள், தொட்ட விரல் செங்கல்லுக்கும் குங்குமத்துக்கும் நடுவே ஒரு நிறமாகி மூன்று நாளைக்குப் போகாது. அந்த விதையைச் சாம்பல் தெளிநீரில் ஊறப்போட்டுக் காய்ச்சி, துணியை முக்கி, புளித்தண்ணீரில் அலசி அவள் பிழிந்து காயப்போட்டால், சூரியன் மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கிழக்கே தெரியுமே, அந்தச் சிவப்பு. முதலில் மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் பூச வாங்கினார்கள். அப்புறம் கோயில் கேசரிக்கு, அப்புறம் அம்மன் கொடிக்கு, அப்புறம் கல்யாணக் கூறைக்கு. எட்டு வருசத்தில் அந்தச் சிவப்பு இல்லாமல் கரடிப்பாறையில் ஒரு நல்ல காரியம் நடக்காது என்று ஆகிவிட்டது. அதற்கு ஊர் வைத்த பேர் கண்டிக்காரி செவப்பு.

ஆனால் ஒன்று. நல்ல காரியத்துக்கான துணியைத் தாலியறுத்தவள் கையால் வாசலில் வாங்க ஊருக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளைத் துணியை மூட்டை கட்டி, கூட இரண்டு படி அரிசியும் வைத்து, அவள் கொல்லைச் சுவருக்கு மேலே தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள். ஐந்தாம் நாள் காலையில் அவள் சுவருக்கு உள்பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டு, சாயமேறிய துணியை ஒரு கவட்டைக் கம்பில் மாட்டி மேலே நீட்டுவாள், இவர்கள் வெளியே நின்று உருவிக்கொள்வார்கள். நிறம் வேண்டும், முகம் வேண்டாம். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை என்றுதான் ஊர் நினைத்தது, ஏனென்றால் அவள் ஒன்றும் சொன்னதில்லை, ஏனென்றால் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அவள் ஊருக்கு வந்து பதினெட்டு வருசம் இப்படியே போனது.

எண்பத்தெட்டாம் வருசம் மாசியில், கைத்தொழில் பொருட்காட்சிக்கு ஆள் பிடிக்க ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். ஊர்ப் பெரியதனம் சவடமுத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்து அசந்துபோனார். இந்தச் சவடமுத்துதான் பூங்கோதை அக்காவின் அப்பா. இன்னும் பதினைந்து நாளில் அக்காவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை எங்கள் மூத்தார், கூறைச்சேலை அதற்குள் சாயமேறிச் சுவர் தாண்டி வந்து வீட்டுப் பெட்டியில் இருந்தது.

"புத்தகத்துல இந்த விதைக்குச் சாப்பிரானு போட்டிருக்கு. ஆனா இவ்வளவு அழுத்தமா ஏறி நான் பாத்ததில்ல. உங்க ஊர்ல இதுக்கு என்னங்க பேரு? அட்டையில எழுதணும்" என்றார் அதிகாரி.

சவடமுத்துவுக்குக் கண்டிக்காரி பேர் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு விதவையை வைத்துக் கூப்பிடுகிற பேரை ஜில்லா பார்க்கிற அட்டையில் எப்படி எழுதுவது, அதுவும் மகள் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் நின்றுகொண்டு? செத்துப்போன தன் அப்பா நினைவுக்கு வந்தார்.

"நல்லமுத்துச் செவப்புங்க" என்றார்.

ஜீப் போன பிறகு அதற்கு ஒரு பலகையும் செய்தார்கள். டீக்கடை சடையாண்டிக்குத்தான் ஊரில் எழுத்து அழகாக வரும். 'நல்லமுத்துச் சிவப்பு, கரடிப்பாறை' என்று அந்தச் சாயத்தாலேயே எழுதி, ஊர் வாசலில் வாகை மரத்தில் மாட்டினான். கண்டிக்காரி வீட்டுக்கு யாரும் போய் இதைச் சொல்லவில்லை. ஆனால் சாயந்தரம் விறகோடு இறங்கி வந்தவள் மரத்தடியில் நின்றாள், அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், வாசித்தாள், விறகைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பாறை மேல் வெயில் விழுந்த நேரத்தில், சிவப்பு ஊரைவிட்டுக் கிளம்பியது.

கொடியில் கிடந்த சேலைகளிலிருந்து இறங்கியது, பெட்டிக்குள் மடித்திருந்த துணிகளிலிருந்து இடுக்கு வழியாகக் கசிந்தது, மாடுகளின் கொம்பிலிருந்து வழிந்தது, கோயில் கொடியிலிருந்து நூல் நூலாகக் கழன்று கம்பத்தைச் சுற்றி இறங்கி, எறும்பு வரிசை போலத் தெருவில் சேர்ந்து, அவசரப்படாமல், மேட்டைப் பார்த்து ஏறிப் போனது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை ஒதுக்கி அதற்கு வழி விட்டார்கள். கோழிகள் ஒதுங்கிக்கொண்டன. ஊர்க்கோடிக்குப் போய், கொல்லைப் பக்கம் திரும்பி, இத்தனை வருசமாகத் துணி தாண்டிய அதே சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தவளுடைய வெள்ளைச் சேலையில் கரையிலிருந்து மேலாக ஏறி நின்றுகொண்டது.

கரடிப்பாறை இதற்கு எப்படிப் பழகிக்கொண்டது என்பதுதான் பூங்கோதை அக்கா சிரித்துச் சிரித்துச் சொல்லும் இடம். முதல் நாள் சுமங்கலிகள் ஒருவரும் வெளியே வரவில்லை, வெளுத்த சேலையை உடுத்திக்கொண்டு புருசன் முன்னால் எப்படி நிற்பது என்று. இரண்டாம் நாள் மில் சேலை வைத்திருந்தவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள், இல்லாதவர்களும் வந்தார்கள், தண்ணீர் எடுக்காமல் எத்தனை நாள் இருப்பது? கோயில் பூசாரி வெள்ளைக் கேசரியைப் பாயாசம் கெட்டியாகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தார். எந்த மாடு யாருடையது என்று கொம்பில் அடையாளம் இல்லாமல் இரண்டு வீட்டு மாடு மாறிப்போய், நல்லாக் கறக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். வளைவில் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, ஊரோட கட்சியில சேந்துட்டீகளா?"

"ஆமா, நீயும் வா, வட்டச் செயலாளர் பதவி காலியாத்தான் இருக்கு" என்றான் சடையாண்டி.

வத்தலக்குண்டுச் சந்தையில் பாக்கெட் சாயம் வாங்கி வந்து முக்கிப் பார்த்தார்கள். மத்தியானம் வரை நின்றது, வெயில் சாய்ந்ததும் வரிசையாகக் கிளம்பி மேட்டைப் பார்த்துப் போய்விட்டது. இப்போது ஊரில் இருந்ததெல்லாம் அவள் மேல் இருந்தது. அவள் ஓடையில் மூன்று தரம் துவைத்தாள். ஓடை மீன்தான் சிவந்தது.

சந்தோசப்பட்டிருப்பாள் என்று நினைக்காதீர்கள். அவள் நடுங்கிப் போயிருந்தாள். கேட்காமல் வந்த நிறம், அவளைப் போல ஒருத்தி உடுத்தக்கூடாத நிறம், கழற்றி மாற்றிய இன்னொரு வெள்ளையிலும் ஏறிவிட்ட நிறம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஊர் கூடியது. அவளைக் கூப்பிட்டு வாகை மரத்தடியில் நிறுத்தினார்கள். வெயிலில் அவள் சேலையைப் பார்க்கக் கண் கூசியது.

"எங்க வீட்டுக் கூறை வெளுத்துக் கெடக்கு. நீ என்னத்தையோ பண்ணிட்ட" என்றார் சவடமுத்து.

"நான் கூப்பிடலைங்க. அதுவா வந்துச்சு. எடுத்துக்கங்க" என்றாள் அவள், முந்தானையை நீட்டி.

எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து முந்தானையை அவற்றின் மேல் வைத்து இரண்டு ஆள் முறுக்கிப் பிழிந்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அப்ப ஒண்ணு செய். முகூர்த்தத்துக்குள்ள நெறம் திரும்பலேன்னா, நீ இந்த ஊர்ல இருக்க வேணாம். உங்க சீமைக்காரங்க எங்கிட்டு இருக்காங்களோ அங்கிட்டுப் போயிரு."

அவள் தலையாட்டினாள். அவளுக்குப் போக ஒரு சீமையும் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தலையாட்டினாள்.

அப்போதுதான் சடையாண்டி அண்ணாந்து பார்த்தான். மரத்தில் தொங்கிய பலகை மொட்டையாக இருந்தது. எழுத்தும் மற்ற நிறத்தோடு சேர்ந்து போயிருந்தது, ஒன்பது நாளாக ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"பெரியதனம், கோளாறு இதுல இருக்கு. பழைய பேரை எழுதிப் பாப்போம்" என்றான்.

சவடமுத்துவுக்கு முகம் சுண்டியது, ஆனால் மகள் கல்யாணம். விதையை நசுக்கிச் சடையாண்டி 'கண்டிக்காரி சிவப்பு' என்று எழுதினான். காய்வதற்குள் எழுத்து கால் முளைத்து இறங்கிப் போனது. 'சிலோன்காரி' என்று எழுதினான், போனது. 'மாடசாமி பெண்சாதி' என்று எழுதினான், அது கொஞ்சம் தயங்கிற்று, பிறகு அதுவும் போனது.

"அவ பேரென்னப்பா?" என்றான் சடையாண்டி.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ரேசன் கார்டைப் பார்க்கலாம் என்றார்கள். அதில் எழுதியவர் 'மாடசாமி மனைவி' என்று எழுதி முடித்துக்கொண்டிருந்தார். தெரிந்திருக்கக்கூடிய மாடசாமி மண்ணுக்குள் இருந்தான். அதற்குள் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

சரி, கேட்டுவிட வேண்டியதுதான் என்று போனார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? கொல்லைப் பக்கம். பழகின கால், அங்கேதான் போகும். சுவருக்கு வெளியே நின்று, "இந்தா, ஒம் பேரென்ன?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்கள். அடுப்பு ஊதுகிற சத்தம்தான் வந்தது. மறுநாளும் போனார்கள், இரண்டு படி அரிசியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுக் கேட்டார்கள். அரிசி மட்டும், கவட்டைக் கம்பில் மூட்டையாக மேலே ஏறித் திரும்பி வந்தது.

"திமிரைப் பாத்தியா" என்றார்கள். பூங்கோதை அக்காவுக்கு மட்டும் அது திமிராகத் தெரியவில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை, நலங்கு வைக்க மணையில் உட்கார வேண்டியவள், வெளுத்த கூறையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். கல்யாணப் பெண் எதிரே பார்க்கக் கூடாத முகம் என்று எதைச் சொல்லி வளர்த்தார்களோ அந்த முகத்தைத் தேடிப் போனாள். அம்மாக்காரி பின்னாலேயே ஓடி வந்து, "ஏத்தா, கொல்லைப் பக்கமாச்சும் போத்தா" என்று கெஞ்சினாள். அக்கா வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

அந்தக் கதவு தட்டிப் பழக்கமில்லாத கதவு. திறக்க நேரமானது.

"உள்ள வரலாமா அத்தே?"

"வேணாத்தா. நாளைக்குக் கழுத்துல தாலி ஏறப்போற புள்ள. மூஞ்சியைத் திருப்பிக்க."

"திருப்பிக்கத்தான் இம்புட்டு தூரம் வந்தனாக்கும்? எனக்குக் கூறை நெய்ஞ்சது யாருன்னு தெரியும், வாங்கியாந்தது யாருன்னு தெரியும். செவப்பாக்குனது யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. உங்க பேரென்ன அத்தே?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அதைச் சொல்லிப் பதினெட்டு வருசமாச்சுத்தா. இருக்கானு பாக்கணும்" என்றாள்.

உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள். முதலில் காற்றுதான் வந்தது. தொட்டிலில் போட்டு அம்மா கூப்பிட்டது, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கங்காணி கூப்பிட்டது, கப்பலில் அலை மோதும்போது மாடசாமி பயந்துபோய்க் கூப்பிட்டது, ஒவ்வொன்றாய் அடியிலிருந்து இழுத்து மேலே கொண்டுவந்தாள்.

"ஆராயி" என்றாள்.

"ஆராயி அத்தே" என்றாள் பூங்கோதை.

அவள் கையிலிருந்த கூறை ஒரு முனையில் சிவந்தது. அக்கா இன்னொரு தரம் சொன்னாள், சேலை பாதி சிவந்தது. மூன்றாம் தரம் சொன்னபோது முழுசும் ஏறிவிட்டது, முன்னைக்கு இப்போது அழுத்தமாக. ஆராயியின் சேலையிலிருந்து ஓர் இழை குறையவில்லை.

"கம்புல நீட்ட வேணாம். நீங்களே தூக்கிட்டு வந்து எங்க வாசல்ல குடுங்க" என்று கூறையை அவள் கையில் கொடுத்தாள் அக்கா.

அப்படித்தான் அந்த நடை நடந்தது. முன்னால் ஆராயி, கையில் கூறை, பக்கத்தில் கல்யாணப் பெண், பின்னால் அம்மாக்காரி. வாசல்தோறும் சனம் நின்றது. குழாயடியில் நின்ற ஒருத்திதான் முதலில் சொன்னாள், மெதுவாக, ருசி பார்க்கிற மாதிரி, "வாங்க ஆராயி மதினி." சொன்னவள் சேலை பளிச்சென்று சிவந்தது. அவ்வளவுதான். ஆராயி அக்கா என்றார்கள், ஆராயி சித்தி என்றார்கள், ஆராயி பெரியம்மா என்றது ஒரு பொடிசு, அதன் பாவாடை சிவந்தது, பூசாரி கர்ப்பக்கிரகத்திலிருந்து எட்டிப் பார்த்து ஆராயி தாயே என்றார், கொடிக்கம்பத்தில் கொடி அடியிலிருந்து நுனி வரை சிவந்து காற்றே இல்லாமல் விரிந்து நின்றது, மாறிப்போன மாடுகளின் கொம்பில் நிறம் ஏறி எந்த மாடு யாருடையது என்பதும் வெளிச்சமாகி அங்கே ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. டீக்கடை வாசலில் சடையாண்டி, "ஆராயித் தங்கச்சி, டீ குடிச்சிட்டுப் போறது" என்று கிளாஸை நீட்டினான். வாசலில் நின்று ஊர்க் கிளாஸில் அவள் டீ குடித்தாள், கூறையை அதுவரை பூங்கோதை பிடித்துக்கொண்டாள்.

கடைசி வீடு சவடமுத்து வீடு. வாசல் பந்தலில் அவர் தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றார். அது இரண்டு வாரம் முன்பு வரை சிவப்புத் துண்டு.

"வா... ஆராயி" என்றார் வாய்க்குள்ளேயே.

துண்டில் கரை மட்டும் சிவந்தது.

"அப்பா, சத்தமா" என்றாள் மகள்.

அவர் மேலே பார்த்தார். செத்துப்போன நல்லமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ. பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "வாத்தா தங்கச்சி ஆராயி. ஓம் மருமக கல்யாணம். உள்ள வந்து நீயே எடுத்துக் குடு."

இடுப்பில் கட்டின துண்டு அப்படியே தீப்பிடித்த மாதிரி ஆனது.

மறுநாள் மணவறையில் கூறையை எடுத்துக் கொடுத்தது ஆராயிதான். முதல் அட்சதை போட்டதும் அவள்தான். எங்கள் மாமியார் முகத்தைச் சுளித்ததாகவும், பிறகு தன் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து ஆராயிக்கு நீட்டியதாகவும் சொல்வார்கள். வாகை மரத்துப் பலகையில் சடையாண்டி 'ஆராயிச் சிவப்பு' என்று எழுதினான். எழுத்து அங்கேயே நின்றது, இத்தனை மழைக்கும் நிற்கிறது. அதிகாரி திரும்பி வந்தபோது பழைய அட்டையைச் சவடமுத்துவே வாங்கிக் கிழித்துவிட்டு, பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தார். கொல்லைச் சுவரை என்ன செய்வது என்று ஊர் கேட்டதற்கு, இருக்கட்டும், விதை காயப்போட மேடு வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நான் அவளை நாலு தரம் பார்த்திருக்கிறேன். நாலு தரமும் சிவப்புச் சேலைதான். என் தலைப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியபோது அவள் விரல் பட்ட கன்னம் மூன்று நாள் சிவந்திருந்தது, குளிப்பாட்டியும் போகவில்லை, நானும் தேய்க்கவில்லை. இப்போது அவள் இல்லை. காலையில் விளக்கேற்றி என் பிள்ளைகள் பேரை வரிசையாகச் சொல்லும்போது கடைசியில் அவள் பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் திரியின் நுனியில் அந்த நிறம் ஒரு கணம் வந்து போகும்.

பூங்கோதை அக்கா கொடுத்த விதையில் என் வீட்டு வாசலில் மூன்று செடி நிற்கின்றன. இந்த வருசம் நல்ல காய்ப்பு. உங்களுக்கும் கொஞ்சம் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் போட்டு முதல் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், அவள் பேரை ஒரு தரம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, சொல்லிவிடுங்கள்.